26 மணி நேரத்துக்குக் குறைந்தால் அது சிகிச்சை அல்ல: குழந்தைகள் நலத் திட்டங்களுக்கு நிதி ஒதுக்குவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய திட்ட அலுவலர்களுக்கும் நிதிக் குழு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். மருத்துவ வசதி எளிதில் எட்டாத பகுதிகளில், குழந்தைகளின் உடல் பருமனுக்குக் குடும்பத்தை மையமாக வைத்த சிகிச்சையைக் கொண்டுபோகலாம் என்ற பேச்சு எழும்போது, உங்கள் மேசைக்கு வரும் முதல் வரைவு பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். பள்ளியில் எடை பார்ப்பது, பெற்றோருக்கு ஒரு கூட்டம், கையில் ஒரு துண்டறிக்கை, மூன்று மாதம் கழித்து மறுபடி எடை. செலவு குறைவு, பயனாளிகளின் எண்ணிக்கையும் அறிக்கையில் பெரிதாகத் தெரியும். ஆனால் குழந்தையின் எடையில் எதுவும் மாறாது. இதற்குச் சிகிச்சை என்ற பெயரில் நிதி ஒதுக்காதீர்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறோம். குழந்தைகளின் எடைச் சிகிச்சையில் வேலை செய்பவர்கள் நாங்கள். எது வேலை செய்கிறது, எது எங்கே உடைகிறது என்பதைக் கணக்கோடு சொல்கிறோம்.

முதலில் அளவு. 6 வயதும் அதற்கு மேலும் உள்ள, பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் அளவு) மிக அதிகமான குழந்தைகளுக்குக் குறைந்தது 26 மணி நேர நேரடித் தொடர்பு கொண்ட தீவிர நடத்தைச் சிகிச்சை, அதாவது உணவு, உடலியக்கப் பழக்கங்களை மாற்றும் சிகிச்சை, தேவை என்று அமெரிக்கத் தடுப்பு சேவைகள் பணிக்குழு என்ற நிபுணர் குழு 2017-லும், மறுபடி 2024-லும் பரிந்துரைத்தது. அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2023-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் 3 முதல் 12 மாதத்துக்குள் 26 மணி நேரம் அல்லது அதற்கு மேல் என்கிறது. வளர்ந்தால் சரியாகிவிடும் என்று காத்திருக்கவும் வேண்டாம் என்கிறது. நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரையைப் பத்து நாளுக்கு எழுத வேண்டிய இடத்தில் இரண்டு நாளுக்குக் கொடுத்துவிட்டு, மருந்து பலிக்கவில்லை என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் இந்தச் சிகிச்சையில் அப்படித்தான் நடக்கிறது. மூன்று மணி நேரம் கொடுத்துவிட்டு, "இந்தக் குடும்பங்களுக்கு அக்கறை இல்லை" என்று எழுதி முடிக்கிறார்கள்.

இரண்டாவது, நோயாளி யார் என்பது. குடும்பம் சார்ந்த சிகிச்சை என்றால் குழந்தையோடு அம்மாவும் வந்து உட்கார்ந்திருப்பது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. வரும் பெரியவரும் சிகிச்சைக்கு உள்ளாகிறார். அவருடைய எடையும் பார்க்கப்படும், அவரும் உணவுப் பதிவு எழுதுவார், அவருக்கும் வார இலக்கு உண்டு. குழந்தைகளின் பருமனுக்கான குடும்பச் சிகிச்சையை ஆராய்ந்த லியோனார்ட் எப்ஸ்டீனின் குழு 1990-இல் வெளியிட்ட பத்தாண்டுத் தொடர் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. 6 முதல் 12 வயதுக் குழந்தைகள்தான் அதில் இருந்தார்கள். பெற்றோர், குழந்தை இருவரின் நடத்தை மாற்றத்துக்கும் ஊக்கம் கொடுத்த பிரிவில், குழந்தைகளின் அதிக எடை விகிதம் (இயல்பான எடைக்கு மேல் எத்தனை விழுக்காடு என்ற அளவு) பத்து ஆண்டுக்குப் பிறகும் தொடக்கத்தைவிட 7.5 புள்ளி குறைவாக இருந்தது. குறிப்பிட்ட இலக்கு எதுவும் வைக்காத ஒப்பீட்டுப் பிரிவில் அது 14.3 புள்ளி ஏறியிருந்தது. குழந்தைக்கு மட்டும் ஊக்கம் கொடுத்த பிரிவு இரண்டுக்கும் நடுவில் நின்றது. பெற்றோரின் எடை எவ்வளவு இறங்குகிறதோ அதை ஒட்டித்தான் குழந்தையின் எடையும் நகர்கிறது என்பதைப் பிறகு வந்த ஆய்வுகளும் உறுதி செய்தன.

பெரிய ஆராய்ச்சி மருத்துவமனையில்தான் இது நடக்கும், சாதாரண மருத்துவரின் அறையில் நடக்காது என்ற வாதமும் இனி செல்லாது. அமெரிக்காவின் நான்கு நகரங்களில், குழந்தை மருத்துவர்களின் வழக்கமான கிளினிக்குகளிலேயே குடும்பங்களுக்கு வழிகாட்டும் பயிற்சியாளர்களை வைத்துச் செய்த சோதனையின் முடிவு 2023-இல் வந்தது. 452 பெற்றோர்-குழந்தை இணைகள், 24 மாதம். வழக்கமான கவனிப்பு பெற்ற குழந்தைகளோடு ஒப்பிட்டால், சிகிச்சை பெற்றவர்களின் பி.எம்.ஐ. அந்த வயதின் நடு அளவுக்கு மேல் எவ்வளவு இருக்கிறது என்ற விகிதத்தில் 6.21 புள்ளி வித்தியாசம் கிடைத்தது. பெற்றோரின் எடையும் இறங்கியது. நிதிக் குழு குறித்துக்கொள்ள வேண்டிய செய்தி இன்னொன்றும் அதில் உண்டு: சிகிச்சைக்கே வராத உடன்பிறந்த குழந்தைகளிடமும் முன்னேற்றம் தெரிந்தது. ஒரு குழந்தைக்கு ஆகும் செலவு என்று நீங்கள் போடும் கணக்கு, உண்மையில் ஒரு வீட்டுக்கு ஆகும் செலவு.

இனி அந்த மணி நேரங்களை எப்படிக் கட்டுவது என்று பார்ப்போம். முதல் 16 வாரம் வாரம் ஒரு முறை, அடுத்து இரண்டு வாரத்துக்கு ஒன்றாக 5 முறை, அதற்குப் பிறகு மாதம் ஒன்றாக 5 முறை. மொத்தம் 26 சந்திப்புகள், ஏறக்குறைய 11 மாதம். சந்திப்புக்கு ஒரு மணி நேரம் என்று திட்டமிட்டால் 26 கிடைத்துவிட்டது என்று நிம்மதியாகிவிடாதீர்கள். ஒரு குடும்பம் நான்கில் ஒன்றைத் தவறவிட்டால் கையில் கிடைப்பது 19.5 மணிதான். பாதிக் கிணறு தாண்டிய கதை. அதனால் ஒவ்வொரு சந்திப்பையும் 90 நிமிடமாக வையுங்கள். மொத்தம் 39 மணி. கால்வாசி போனாலும் 29 மணிக்கு மேல் நிற்கும்.

அந்த 90 நிமிடத்தில் முதல் 10 நிமிடம் எடை பார்ப்பதற்கு. அடுத்த 30 நிமிடம் ஒரு குடும்பம், ஒரு பயிற்சியாளர், தனியாக. உணவுப் பதிவேட்டைப் பார்ப்பது, எடை வரைபடத்தில் புள்ளி வைப்பது, போன வார இலக்கில் எது நடந்தது, எது நடக்கவில்லை, ஏன் என்று கேட்பது, அடுத்த வார இலக்கை எழுதுவது எல்லாம் இதற்குள். பிறகு 45 நிமிடம் குழு: பெற்றோர் ஓர் அறையில், குழந்தைகள் இன்னோர் அறையில். கடைசி 5 நிமிடம் பெற்றோரும் குழந்தையும் சேர்ந்து, இலக்கும் பரிசும் எழுதிய வார ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவது. நேரம் போதவில்லை என்றால் முதலில் வெட்டப்படுவது அந்த 30 நிமிடமாகத்தான் இருக்கும், ஏனென்றால் குழு வகுப்பு நடத்துவது சுலபம். அதை அனுமதிக்காதீர்கள். பொது அறிவுரையைக் குழுவில் கேட்கலாம்; இரவு வேலைக்குப் போகும் அப்பா வீட்டில் இல்லாத நேரத்தில் இரவு உணவை யார் பரிமாறுகிறார்கள் என்ற சிக்கலைத் தனியாக உட்கார்ந்துதான் அவிழ்க்க முடியும்.

அளவெடுப்பதில் சிக்கனம் பிடிக்க வேண்டாம். எடை பார்க்கும் கருவி 0.1 கிலோ வரை காட்ட வேண்டும். 150 கிலோவோடு நின்றுவிடும் கருவி பெற்றோருக்குப் பயன்படாமல் போகலாம், 250 கிலோ தாங்குவதாக வாங்குங்கள். உயரத்தைச் சுவரில் பொருத்திய அளவுகோலில், காலணி கழற்றி, குதிகாலும் பின்புறமும் சுவரில் பட, பார்வை நேராக இருக்க, 0.1 சென்டிமீட்டர் வரை எடுக்க வேண்டும். இரண்டு முறை எடுத்து, வித்தியாசம் அரை சென்டிமீட்டருக்கு மேல் போனால் மூன்றாவது முறை. கதவு சாத்திய அறையில், எண்ணை உரக்கச் சொல்லாமல் பார்க்க வேண்டும். வரிசையில் நிறுத்தி எல்லார் முன்னிலும் எடை வாசிக்கும் இடத்துக்குக் குழந்தை இரண்டாம் முறை வராது. கைப்பிடி இல்லாத அகலமான நாற்காலிகள், பெரிய சுற்றளவுள்ள ரத்த அழுத்தப் பட்டை இரண்டும் பட்டியலில் இருக்கட்டும். சிறிய பட்டையைப் பெரிய கையில் சுற்றினால் அழுத்தம் உண்மையைவிட அதிகமாகக் காட்டும்; குழந்தைக்கு இல்லாத நோய் ஒன்று கோப்பில் ஏறிவிடும்.

எடையை மட்டும் வைத்து வெற்றியை அளக்கும் படிவங்கள் இந்தச் சிகிச்சையையே தப்பாகக் காட்டும். ஓர் உதாரணம்: பத்து வயதுக் குழந்தை, உயரம் 136 சென்டிமீட்டர், எடை 46 கிலோ. பி.எம்.ஐ. 24.9. ஆணானாலும் பெண்ணானாலும் உலக சுகாதார நிறுவனத்தின் பருமன் கோட்டுக்கு மேல். ஆறு மாதத்தில் குழந்தை 3 சென்டிமீட்டர் வளர்ந்து, எடை 46-லேயே நின்றால் பி.எம்.ஐ. 23.8 ஆகிவிடும். ஒரு கிலோ ஏறி 47 ஆனாலும் 24.3தான். வளரும் குழந்தைக்கு எடை ஏறாமல் நிற்பதே பல சமயம் பெரிய முன்னேற்றம். "எடை குறையவில்லை, தோல்வி" என்று படிவத்தில் குறித்தால், சரியாகச் செய்துகொண்டிருந்த குடும்பத்தை நீங்களே வெளியே அனுப்புகிறீர்கள். பருமன் மிகக் கடுமையாக உள்ள குழந்தைகளுக்கு வழக்கமான திட்ட விலக்க மதிப்பெண் (சராசரியிலிருந்து எவ்வளவு விலகல் என்ற அளவு) மேல் முனையில் நெருங்கிப்போய் மாற்றத்தைக் காட்டாது. அவர்களுடைய பி.எம்.ஐ., 95-ஆவது சதமான அளவில் (அதே வயதுக் குழந்தைகளில் நூற்றுக்கு 95 பேர் அதற்குக் கீழே இருக்கும் அளவு) எத்தனை விழுக்காடு என்று கணக்கிடுங்கள்.

உணவைப் பற்றிச் சொல்லும் முறை எளிதாக இருக்க வேண்டும். எப்ஸ்டீன் குழு உருவாக்கிய போக்குவரத்து விளக்கு முறை இன்னும் பயன்படுவதற்குக் காரணம், எழுத்தறிவு குறைவான வீட்டிலும் அது ஓடும் என்பதுதான். காய்கறி, பழம் பெரும்பாலும் பச்சை. அன்றாட உணவில் தேவையான, ஆனால் அளவோடு எடுக்க வேண்டியவை மஞ்சள். சர்க்கரையும் கொழுப்பும் மிகுந்து சத்து குறைந்தவை சிவப்பு. எதையும் தடை செய்வதில்லை. சிவப்பை எண்ணுகிறோம், அவ்வளவுதான். முதல் வாரம் எதையும் மாற்றச் சொல்லாமல் எண்ண மட்டும் சொல்லுங்கள். வாரத்துக்கு 30 வந்தால், அடுத்த வார இலக்கு 25, அதற்கடுத்தது 20. நாளுக்கு இரண்டுக்குள் வந்து நிலைக்க ஆறேழு வாரம் ஆகலாம். முதல் வாரமே 30-இலிருந்து 5-க்கு இறக்கச் சொல்லும் பயிற்சியாளரின் குடும்பங்கள் நான்காவது வாரம் வருவதை நிறுத்திவிடும்.

முதலில் கை வைக்க வேண்டியது இனிப்புப் பானத்தில். 100 மில்லியில் பத்துக் கிராமுக்கு மேல் சர்க்கரை உள்ள பானம் சாதாரணம். 330 மில்லி குடித்தால் ஏறக்குறைய 35 கிராம். நாளுக்கு 1,600 கலோரி தேவைப்படும் குழந்தைக்கு, சேர்க்கப்பட்ட சர்க்கரையும் அதைப் போன்றவையும் மொத்தக் கலோரியில் பத்து விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு 40 கிராம்தான். ஒரு குப்பியிலேயே முக்கால் பங்குக்கு மேல் போய்விடுகிறது, வயிறும் நிறைவதில்லை. ஆனால் "தண்ணீர் குடியுங்கள்" என்று சொல்வதற்கு முன், வீட்டுக் குழாய்த் தண்ணீரை அவர்கள் நம்புகிறார்களா என்று கேளுங்கள். நம்பாத வீட்டில் பானத்தை நிறுத்தச் சொல்வது வெறும் பேச்சு. வடிகட்டியோ சுத்தமான குடிநீரோ கிடைக்க வழி செய்வதும் சிகிச்சைச் செலவில் சேர்ந்ததே.

பதிவேடு எழுதுவதுதான் முழுச் சிகிச்சையின் முதுகெலும்பு. முதலில் பொய்யாவதும் அதுதான். ஏழு நாளும் ஒரே பேனா, ஒரே சாய்வான கையெழுத்து, ஒரே மை என்றால் அது காத்திருக்கும் அறையில் நிரப்பியது. சிவப்பு எண்ணிக்கை இறங்க, எடைக்கோடு ஏறிக்கொண்டே இருந்தாலும் அதே கதை. அதற்குத் திட்டினால் அடுத்த வாரம் இன்னும் அழகாகப் பொய் எழுதி வருவார்கள். எண்ணிக்கை எவ்வளவானாலும் சரி, அன்றன்று எழுதியதற்கு, பரிசாக மாற்றிக்கொள்ளும் புள்ளி கொடுங்கள். எழுத நேரமில்லாதவர்களுக்குப் படம் போட்ட அட்டை, கோடு கிழித்தால் போதும். நினைவில் வையுங்கள்: பதிவேட்டைக் கொண்டுவரச் சொல்லிவிட்டு அதைப் பார்க்காமல் விட்டால், இரண்டாவது தடவைக்குப் பிறகு யாரும் எழுத மாட்டார்கள்.

பரிசு முறையிலும் அடிக்கடி தவறு நடக்கிறது. பரிசு நடத்தைக்கு, எடைக்கு அல்ல. எடை குழந்தையின் கையில் இல்லை. தட்டில் காய் வைத்துச் சாப்பிட்டது, திரையை அணைத்தது, வெளியே போய் ஓடியது இவை அதன் கையில் இருக்கின்றன. பரிசு உணவாக இருக்கக் கூடாது, பணமாகவும் வேண்டாம். வசதி குறைந்த குடும்பத்துக்குப் பொருளைவிட உரிமைகள் நல்லவை: இன்று என்ன விளையாட்டு என்று தீர்மானிப்பது, அப்பாவோடு தனியாக அரை மணி, ஒரு வீட்டு வேலையிலிருந்து விடுமுறை. நினைத்ததைவிடப் பெரிய பரிசு ஒன்றைப் பெற்றோர் வாக்குக் கொடுத்துவிட்டு, மாதக் கடைசியில் வாங்க முடியாமல் போனால் ஒப்பந்தம் அன்றோடு செத்தது. அதனால் பரிசுப் பட்டியலைப் பயிற்சியாளர் முன்னிலேயே எழுத வேண்டும். சம்பாதித்த புள்ளியை வேறு குற்றத்துக்குத் தண்டனையாகப் பிடுங்கக் கூடாது. கொடுப்பது அன்றைக்கே, தள்ளிப்போனால் அந்த வாரத்துக்குள். பாராட்டும் அப்படித்தான். "நல்ல பிள்ளை" என்பது பயனற்றது. "சொல்லாமலே தண்ணீர் எடுத்துக்கொண்டாய், பார்த்தேன்" என்பது வேலை செய்யும்.

வீட்டில் இல்லாததைக் குழந்தை சாப்பிட முடியாது. மனவுறுதியைப் பயிற்றுவிப்பதைவிட அலமாரியை மாற்றுவது மலிவு. ஆனால் ஒரே சமையலறையை மூன்று குடும்பங்கள் பகிரும் வீட்டில் "சிவப்பை வாங்காதீர்கள்" என்று அம்மாவிடம் சொல்வதில் பொருளில்லை. வாங்குபவர் அவர் அல்ல. அங்கே ஒரு மூடிய பெட்டி, குழந்தையின் கைக்கு எட்டாத ஒரு தட்டு, பாட்டி தாத்தாவுக்குத் தனியாக ஒரு சந்திப்பு. அன்பைத் தின்பண்டத்தால் காட்டிப் பழகியவரிடம் அதை நிறுத்தச் சொன்னால் சண்டைதான் மிஞ்சும். வேறு எதைக் கொடுக்கலாம் என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள். உடன்பிறந்த ஒல்லிக் குழந்தைக்கு வேறு சாப்பாடு, பருமனான குழந்தைக்கு வேறு சாப்பாடு என்று பிரிப்பது மிகக் கெட்ட வழி. பருமனான குழந்தை ஒளித்துச் சாப்பிடக் கற்றுக்கொள்ளும். வீடு முழுவதற்கும் ஒரே விதி.

ஓட்டம், விளையாட்டு நாளுக்கு 60 நிமிடம் என்பது எல்லாரும் அறிந்த அளவு. தெரு பாதுகாப்பாக இல்லாத இடத்தில் திரைதான் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஆள் என்பதையும் ஏற்றுக்கொண்டு தொடங்குங்கள். 1995-இல் வெளியான எப்ஸ்டீன் குழுவின் ஆய்வு ஒன்றில், உடற்பயிற்சிக்குப் பரிசு பெற்ற குழந்தைகளைவிட, உட்கார்ந்திருக்கும் நேரத்தைக் குறைத்ததற்குப் பரிசு பெற்றவர்கள் ஓராண்டுக்குப் பிறகு நன்றாக இருந்தார்கள். திரை நேரத்தைக் கணக்கிட்டு வாரம் ஒரு பங்காக வெட்டி வாருங்கள். மிஞ்சும் நேரத்தை எப்படிக் கழிப்பது என்று குழந்தையே தேர்ந்தெடுக்கட்டும். தூக்கம் 6 முதல் 12 வயதுக்கு 9 முதல் 12 மணி நேரம். ஒரே அறையில் எல்லாரும் படுக்கும் வீட்டில் இதைக் கொண்டுவருவது கடினம். கைப்பேசி அந்த அறைக்கு வெளியே போவது முதல் படி.

இப்போது உங்கள் கையில் மட்டும் இருக்கும் விஷயத்துக்கு வருகிறோம். இப்படிப்பட்ட சிகிச்சைகளைப் பாதியில் விட்டுப்போகிறவர்கள் 27 முதல் 73 விழுக்காடு வரை என்று 2011-இல் வெளியான ஒரு தொகுப்பு ஆய்வு காட்டியது. இந்த விரிப்பே ஒரு செய்தி. குடும்பங்களின் குணம் இடத்துக்கு இடம் அவ்வளவு மாறுவதில்லை; சேவையை அமைக்கும் விதம் மாறுகிறது. பேருந்து இரண்டு மாற வேண்டும், அரை நாள் கூலி போகும், கைக்குழந்தையை விட்டுவர ஆளில்லை, சந்திப்பு காலை 11 மணிக்கு என்றால் விட்டுப்போவதுதான் அறிவார்ந்த முடிவு. ஆகவே போக்குவரத்துச் செலவு, சிறு குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள், மாலை ஆறு மணிக்குப் பிறகும் ஓய்வு நாளிலும் சந்திப்பு, தவறிய சந்திப்பை அதே வாரத்தில் தொலைபேசியில் ஈடுகட்டும் நேரம், மொழிபெயர்ப்பாளர்: இவை "இதர செலவு" அல்ல. இவற்றை வெட்டினால் 39 மணி நேரம் காகிதத்தில் மட்டும் இருக்கும். மொழிபெயர்க்கக் குழந்தையையே உட்கார வைக்கும் வழக்கத்தையும் ஒழியுங்கள். தன் உடம்பைப் பற்றித் தன் அம்மாவுக்கு மொழிபெயர்க்க எந்தப் பத்து வயதுக் குழந்தையாலும் நேர்மையாக முடியாது. பெற்றோரும் குழந்தையும் சேர்ந்து வர வழியே இல்லாத வீடுகளுக்கு, பெற்றோரோடு மட்டும் நடத்துவதும் ஒரு மாற்று. 150 குழந்தைகளை வைத்து 2017-இல் வெளிவந்த ஒப்பீட்டில் அது முழுக் குடும்பச் சிகிச்சைக்குக் குறைந்ததல்ல என்று தெரிந்தது.

பசியையும் முதல் நாளே கேட்க வேண்டும். கேள்விகள் இரண்டு போதும்: கடந்த 12 மாதத்தில், அடுத்த பணம் வருமுன் உணவு தீர்ந்துவிடுமோ என்று கவலைப்பட்டீர்களா? வாங்கிய உணவு போதாமல், மறுபடி வாங்கப் பணமும் இல்லாமல் போனதா? ஒன்றுக்கு "ஆம்" வந்தாலும், சிகிச்சையின் முதல் வாரம் உணவு உதவிக்கு விண்ணப்பம் போடுவதுதான். பருமனும் உணவுப் பற்றாக்குறையும் ஒரே வீட்டில் இருக்கலாம் என்பது இன்னும் பல அதிகாரிகளுக்குப் புரியவில்லை. கையில் பணம் வந்த வாரம் நிறையச் சாப்பிடுவது, மாதக் கடைசியில் குறைத்துக்கொள்வது, கெடாமல் இருக்கும் மலிவான சிவப்பு வகைகளை வாங்கிவைப்பது எல்லாம் அங்கே காரணத்தோடு நடக்கின்றன. ஒரு காயை வாங்கிக் குழந்தை தொடாவிட்டால் அந்தப் பணம் போச்சு. பழகாத ஒன்றைக் குழந்தை ஏற்றுக்கொள்ளப் பத்து முறைக்கு மேல் தட்டில் வைக்க வேண்டியிருக்கும். வசதியுள்ள வீடு அந்தப் பத்து முறையைத் தாங்கும். வசதியில்லாத வீட்டுக்கு அந்த நட்டத்தைத் திட்டம் தாங்க வேண்டும்: சந்திப்பிலேயே சுவைத்துப் பார்க்கச் சிறு அளவு, வீட்டுக்கு ஒரு வாரக் காய்கறிப் பை.

ஆள் கணக்கு. ஒரு பயிற்சியாளருக்கு வாராந்திரக் கட்டத்தில் 24 குடும்பங்களுக்கு மேல் ஏற்றாதீர்கள். தனிச் சந்திப்புக்கு 12 மணி, எட்டுக் குடும்பம் வீதம் மூன்று பெற்றோர் குழுவுக்கு இரண்டேகால் மணி, வார நடுவில் பத்து நிமிடத் தொலைபேசி அழைப்புக்கு 4 மணி, குறிப்பு எழுத 6 மணி, வராத ஆறு குடும்பங்களை ஈடுகட்ட 3 மணி, மேற்பார்வைக் கலந்துரையாடலுக்கு 2 மணி. 29 மணியைத் தாண்டிவிட்டது. பள்ளியோடு பேசுவது, உணவு உதவி, பரிந்துரைக் கடிதம் இன்னும் வரவில்லை. குழந்தைகள் குழுவை நடத்த இன்னோர் ஆள் வேண்டும். பட்டத்தைவிட, கேட்கத் தெரிந்த, அந்தச் சமூகத்தின் மொழி பேசும் ஆளைத் தேடுங்கள். ஆனால் பயிற்சியும், பதிவுசெய்த சந்திப்புகளைக் கேட்டுத் திருத்தும் மேற்பார்வையாளரும் இல்லாமல் விட்டால், ஆறு மாதத்தில் எல்லாரும் அறிவுரை சொல்பவர்களாக மாறிவிடுவார்கள்.

மருத்துவர் விலகி நிற்க முடியாது. எடை ஏறும்போது உயரம் வளராமல் நின்றுவிட்டால் ஹார்மோன் கோளாறு இருக்கலாம். குறட்டையோடு பகல் தூக்கம், இடுப்பு அல்லது முழங்கால் வலியோடு நொண்டல், தலைவலியோடு பார்வை மங்கல், கழுத்து மடிப்பில் கருமை இவற்றில் எது இருந்தாலும் உடனே அனுப்ப வேண்டும். நொண்டும் குழந்தையை ஓடச் சொல்வது ஆபத்து. பருமன் உள்ள, 10 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குக் கொழுப்பு, சர்க்கரை, கல்லீரல் பரிசோதனை தேவை. ஒளித்துச் சாப்பிடுவது, வாந்தி எடுப்பது, உணவைத் தவிர்ப்பது பற்றித் தொடக்கத்திலும் நடுவிலும் கேளுங்கள். 12 வயதிலிருந்து மருந்தும் கூடச் சேரலாம். அது இந்தச் சிகிச்சைக்குப் பதிலாக அல்ல.

இறங்கிய எடை திரும்ப ஏறாமல் காக்கும் பராமரிப்புக் கட்டத்தை "நிதி மிஞ்சினால் பார்ப்போம்" என்று வைக்காதீர்கள். நான்கு மாதக் குடும்பச் சிகிச்சை முடித்த 172 குழந்தைகளை வைத்து 2017-இல் வெளியான சோதனையில், அடுத்த எட்டு மாதமும் வாரம் தவறாமல் 32 சந்திப்பு பெற்றவர்கள், அதில் பாதி பெற்றவர்களைவிட நன்றாக நிலைத்தார்கள். அந்தச் சந்திப்புகள் நண்பர்கள், பள்ளி, உறவினர் என்று வீட்டுக்கு வெளியே பழக்கத்தை நாட்டுவதைப் பற்றியவை.

கடைசியாகக் கணக்கெழுதும் முறை. பல திட்டங்களில் குழந்தை ஒருவருக்குத்தான் பணம் உண்டு. அப்பாவின் எடையைப் பார்த்த பத்து நிமிடத்துக்கு எந்தத் தலைப்பும் கிடையாது. அதனால் கிளினிக் அதைச் செய்வதில்லை, சிகிச்சையின் பாதி காணாமல் போகிறது. ஒரு குடும்பத்துக்கு ஒரே கோப்பு, ஒரே கட்டணம், அதற்குள் குறைந்தது ஒரு பெரியவரின் சிகிச்சை என்று விதியை மாற்றுங்கள். பணத்தைப் "பார்த்த குழந்தைகள்" எண்ணிக்கைக்குக் கொடுக்காமல், கிடைத்த மணி நேரத்துக்குக் கொடுங்கள். ஆண்டறிக்கையில் ஐந்து விவரங்களைக் கேளுங்கள்: சேர்ந்த குடும்பங்கள் எத்தனை, 26 மணி நேரத்தைத் தொட்டவை எத்தனை, 12-ஆம், 24-ஆம் மாதத்தில் குழந்தைகளின் பி.எம்.ஐ. மாற்றம், பாதியில் நின்றவர்களையும் தேடி அளந்து. பெற்றோரின் எடை மாற்றம். நின்றுபோனவர்கள் சொன்ன காரணம், அவர்கள் வார்த்தையிலேயே. இருக்கும் நிதி 1,000 குழந்தைகளுக்கு மூன்று மணி நேரத்துக்கோ அல்லது 75 குடும்பங்களுக்கு முழுச் சிகிச்சைக்கோதான் போதும் என்றால், 75 குடும்பங்களை எடுத்துக்கொள்ளுங்கள். மீதிப் பேருக்கு இப்போது சேவை இல்லை என்பதை அறிக்கையில் வெளிப்படையாக எழுதி, அடுத்த ஆண்டு நிதியைக் கேளுங்கள்.

இப்படிக்கு,
குழந்தைகளின் எடைச் சிகிச்சைப் பணியாளர்கள்